சாயம் சுரண்டிய கிட்டார்

கிரெட்ச் நிறுவனம் 1963-இல் செய்த ஜெட் ஃபயர்பேர்ட் அது. பளபளக்கும் சிவப்பு. யங் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை விட்டு சிட்னிக்குக் குடிபெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். அங்கே வில்லாவுட் குடியேறிகள் விடுதியில், அந்த வீட்டுப் பிள்ளை ஜார்ஜும் நெதர்லாந்திலிருந்து வந்திருந்த ஹாரி வாண்டாவும் சேர்ந்து ஈஸிபீட்ஸ் ராக் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு வாண்டா தன்னிடமிருந்த அந்த கிட்டாரை ஜார்ஜின் தம்பி மால்கமுக்குக் கொடுத்துவிட்டார்.

மால்கம் அதைச் சும்மா விடவில்லை. சிவப்புச் சாயத்தைச் சுரண்டி வெறும் மரமாக்கினார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்களில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிய ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைக் கழற்றி எறிந்தார். அவை இருந்த குழிகள் அப்படியே வாய் பிளந்து நின்றன. பிற ராக் கலைஞர்கள் விரலுக்கு இளகும் மெல்லிய தந்திகளைத் தேடியபோது, இவர் தடித்த தந்திகளைக் கட்டி ஓங்கி அடித்தார். ஒலியைக் கரகரக்க வைக்கும் கெயினை ஆம்ப்ளிஃபயரில் குறைத்தே வைத்தார். அதனால்தான் எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறது. ராக் இசையின் மிகச் சிறந்த தாளக் கை மால்கமுடையது என்பேன்.

1973-இல் அவரும் தம்பி ஆங்கஸும் ஏசி/டிசி ராக் குழுவைத் தொடங்கினார்கள். தையல் இயந்திரத்தில் பார்த்த எழுத்துகளைக் குழுவுக்குப் பெயராகச் சொன்னவர் அக்கா மார்கரெட். தொடக்ககால ஆல்பங்களை ஜார்ஜும் வாண்டாவுமே தயாரித்தார்கள். பள்ளிச் சீருடையில் ஆங்கஸ் மேடை முழுக்க ஓடுவார். மால்கம் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று வாசிப்பார். சேர்ந்து பாடும் வரிக்கு மட்டும் மைக் வரை வருவார். ஆங்கஸின் ஓட்டத்துக்குத் தரை போட்டது அந்த கிட்டார்.

1980 பிப்ரவரியில் குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். உலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று.

பின்னாளில் மால்கமுக்கு மறதி நோய் வந்தது. தானே எழுதிய பாட்டுகளை மீண்டும் மீண்டும் பழகிக்கொண்டு மேடையேறினார். 2014-இல் விலகியபோது அண்ணன் மகன் ஸ்டீவி அந்த இடத்துக்கு வந்தார். 2017 அக்டோபரில் ஜார்ஜ் போனார், நவம்பரில் மால்கம். சிட்னி புனித மேரி பேராலயத்தில் நடந்த மால்கமின் இறுதிச் சடங்கில் அண்ணனின் கிட்டாரை ஆங்கஸ் ஏந்தி வந்தார்.

2020-இல் வெளியான ‘பவர் அப்’ ஆல்பத்தில் மால்கமின் பங்கை ஸ்டீவி வாசித்தார். பாட்டுகள் எல்லாவற்றிலும் ஆங்கஸோடு மால்கமின் பெயரும் இருக்கிறது.