விளம்பரப் பலகையில் ஒரு வியாகுலக் காட்சி

சிலுவைப் பாதையின் பதின்மூன்றாம் நிலையில் முழந்தாளிடும்போது நம் கண்முன் நிற்பது ஒரு தாயின் மடி. சிலுவையினின்று இறக்கப்பட்ட திருவுடலை ஏந்திய வியாகுல மாதாவின் மடி அது. மைக்கேல் ஆஞ்சலோ 1499-இல் பளிங்கில் வடித்து முடித்த அக்காட்சியை உரோமைக்குச் சென்று புனித பேதுரு பேராலயத்தில் கண்டவர் சிலரே. ஆயினும் நம் சிற்றூர்க் கோவில்களின் சுவர்ப்படங்கள் வழியாக அதை அறியாத கத்தோலிக்கர் இலர்.

1992-ஆம் ஆண்டு, அக்காட்சியின் சாயலைக் கொண்ட ஒரு படம் ஐரோப்பிய நகரங்களின் விளம்பரப் பலகைகளில் தோன்றியது. எலும்பும் தோலுமாய் இளைஞன் ஒருவன் படுக்கையில் கிடக்கிறான். அவன் தலையைத் தன் முகத்தோடு சேர்த்தணைத்துத் தந்தை அழுகிறார். படத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பச்சை நிறப் பட்டை. அதில் எழுதப்பட்டிருந்ததோ கம்பளிச் சட்டைகள் விற்கும் ஓர் இத்தாலிய நிறுவனத்தின் பெயர்! மரணப் படுக்கையின் துயரம் துணிக்கடையின் விளம்பரத்திற்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? அந்த வரலாற்றைச் சற்றே சிந்திப்போம்.

ஆடையிலிருந்து ஆசைக்கு

ஆடை விளம்பரப் படக்கலையின் தொடக்கத்தைப் பலரும் 1911-ஆம் ஆண்டில் காண்பர். அவ்வாண்டில் எட்வர்ட் ஸ்டைக்கன் என்னும் கலைஞர், பாரிஸ் நகரின் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே உருவாக்கிய உடைகளைப் படமெடுத்து ஓர் இதழில் வெளியிட்டார். அதுவரை இத்தகைய படங்கள் பெரும்பாலும் துணியின் வெட்டையும் தையலையும் காட்டுவதற்கே பயன்பட்டன. ஸ்டைக்கனோ ஒளியையும் நிழலையும் கொண்டு, அந்த உடைக்குரிய ஒரு வாழ்க்கையையே காட்டினார்.

1933-இல் மார்ட்டின் முன்காச்சி அழகியை ஸ்டூடியோவிலிருந்து கடற்கரைக்கு அழைத்து வந்து, ஓடும் நிலையில் படம்பிடித்தார். 1955-இல் ரிச்சர்ட் அவெடன், பாரிஸில் ஒரு சர்க்கஸ் அரங்கின் யானைகளுக்கு நடுவே மாலையுடை அணிந்த பெண்ணை நிறுத்தினார். ஒரு நொடியில் எடுத்ததுபோலத் தோன்றும் இத்தகைய படங்களின் பின்னே பலருடைய உழைப்பு உண்டு. கருத்தை வகுப்பவர், இடம் தேடுபவர், உடை தேர்பவர், ஒப்பனை செய்பவர், ஒளியமைப்பவர், எடுத்த பல படங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவர் எனக் கைகள் பல. அத்தனை கைகளும் ஒரே நோக்கத்திற்கே உழைத்தன: காண்பவர் உள்ளத்தில் ஆசை பிறக்க வேண்டும்.

தொஸ்கானியின் துணிவு

இந்த மரபைத் தலைகீழாக்கியவர் ஒலிவியேரோ தொஸ்கானி. 1942-இல் மிலான் நகரில் பிறந்த இவருடைய தந்தை ஒரு செய்திப் புகைப்படக் கலைஞர். மகன் சூரிச் நகரில் முறையாகப் படக்கலை பயின்றார். செய்திப் படத்தின் கூர்மையை விளம்பரத்திற்குக் கொண்டுவந்ததில் தந்தையின் தொழிற்பாதிப்பு இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

1973-இல் இத்தாலியில் 'ஜீசஸ்' என்ற திருப்பெயரையே சூட்டி ஒரு ஜீன்ஸ் விற்பனைக்கு வந்தது. அதற்கான படங்களை எடுத்தவர் தொஸ்கானி. பத்துக் கட்டளைகளுள் முதற்கட்டளையைத் திரித்து விளம்பர வாசகமாக்கியிருந்தார்கள். வத்திக்கான் நாளேடு கண்டித்தது. ஆனால் ஆழமான விமர்சனம் பசோலினியிடமிருந்து வந்தது. மத்தேயு நற்செய்தியை 1964-இல் திரைப்படமாக்கிய அதே பசோலினிதான். இதை வெறும் தெய்வ நிந்தையாக அவர் காணவில்லை. புதிய தொழில்வளத்திற்கு இனித் திருச்சபையின் துணை தேவையில்லை என்பதற்கு அந்த வாசகமே சான்று என்று அவர் எழுதினார். சமயத்தின் மொழியைச் சந்தை எடுத்துக்கொண்டது, சமயத்தை விட்டுவிட்டது.

சிறுத்த சட்டை, பெருத்த படம்

இத்தாலியின் திரெவீசோ நகருக்கு அருகே 1965-இல் நான்கு உடன்பிறந்தோர் தொடங்கிய நிறுவனம் பெனட்டன். 1982-இல் அதன் விளம்பரப் பணியைத் தொஸ்கானி ஏற்றார். முதலில் வெண்மையான பின்னணியில், பல நிறத்தவரான இளைஞர்கள் வண்ணச் சட்டைகளோடு சிரித்து நின்றனர். நாளடைவில் படத்திலிருந்து சட்டை மறையத் தொடங்கியது. 1989-இல், ஒரு கறுப்பினப் பெண் வெள்ளைக் குழந்தைக்குப் பாலூட்டும் படம் வந்தது. ஐரோப்பாவில் அதைப் பாராட்டினர். அமெரிக்காவிலோ, அடிமைப் பெண்கள் எசமானரின் பிள்ளைகளுக்குப் பாலூட்டிய கொடிய காலத்தை அது நினைவூட்டிற்று. எதிர்ப்பு எழவே, நிறுவனம் அங்கு அதனை வெளியிடாது விட்டது. ஒரு நாட்டில் அன்பின் சின்னமாகத் தோன்றுவது மற்றொரு நாட்டில் ஆறாத வடுவைத் தீண்டுகிறது!

1991-இல், தொப்புள்கொடி அறுபடாத பச்சிளங்குழந்தையின் படம் பலகைகளில் ஏறியது. அதே ஆண்டில், குருவானவரின் உடையணிந்த ஆணும் துறவியின் உடையணிந்த பெண்ணும் முத்தமிடும் படமும் வந்தது. அது நம்மைப் புண்படுத்தியதில் வியப்பில்லை. எனினும் அது வேடமிட்டோர் நடித்த காட்சி. அதனினும் கடினமான கேள்வியை எழுப்பியது, வேடமில்லாத அந்த மரணப் படுக்கைதான்.

'எங்கள் தந்தையே' என்னும் இல்லம்

படத்திலுள்ள இளைஞர் டேவிட் கர்பி. எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். குடும்பத்தைப் பிரிந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த அவர், நோயுற்றதும் ஒஹையோ மாநிலத்திலிருந்த பெற்றோரிடம் திரும்பினார். தொலைநாடு சென்ற மகனைக் கட்டித் தழுவிய தந்தையின் உவமை நம் நினைவுக்கு வரும். கொலம்பஸ் நகரில் 'பாத்தர் நோஸ்தர்', அதாவது 'எங்கள் தந்தையே' என்னும் பெயர்கொண்ட இல்லம் ஒன்றில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பேணினர். அங்கே 1990-இல் தம் 32-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

அவ்வில்லத்தில் தொண்டு செய்துவந்த தெரேஸ் ஃப்ரேர் என்ற மாணவி, தம்மைப் படம் எடுக்க அனுமதி கேட்டபோது டேவிட் இசைந்தார். தனிப்பட்ட ஆதாயத்திற்காக அது அமையக் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. இறுதி நாளில் அறைக்கு வெளியே நின்றிருந்த ஃப்ரேரை அக்குடும்பத்தினரே உள்ளே அழைத்தனர். ஒரு மூலையில் ஓசையின்றி நின்று அவர் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம், அவ்வாண்டு நவம்பரில் 'லைஃப்' இதழில் வெளியானது. எய்ட்ஸ் நோயாளியைத் தொடவும் அஞ்சிய காலத்தில், மகனைத் தழுவிய அந்தத் தந்தை உலகிற்கே ஒரு பாடம் புகட்டினார்.

பெனட்டன் நிறுவனம் இப்படத்தைக் கேட்டபோது குடும்பத்தினர் தயங்காமல் இசைந்தனர். எய்ட்ஸைப் பற்றிய உண்மையை உலகம் காண வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஃப்ரேரோ, டேவிட் விதித்த நிபந்தனையை மனத்திற் கொண்டு, இப்படத்திற்காகப் பணம் பெறுவதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர் விளம்பரத்திற்குரிய தோற்றம் பெறுவதற்காக, ஆன் ரோனி என்ற ஓவியர் கறுப்பு-வெள்ளைப் பிரதியின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டினார். மரணப் படுக்கைக்கு வண்ணம் ஏறியது. ஓரத்தில் பச்சைப் பட்டையும் ஏறியது. நோயைப் பற்றி ஒரு வரியேனும் அதில் இல்லை.

எதிர்ப்பு இரு திசையிலிருந்தும் வந்தது. வியாகுல மாதாவின் திருக்காட்சியை வணிகமாக்கியதாகக் கத்தோலிக்கர் வருந்தினர். நோயாளிகளின் துயரை விற்பதாக எய்ட்ஸ் தொண்டர்கள் சினந்தனர். பிரிட்டனில் சில இதழ்கள் விளம்பரத்தை வெளியிட மறுத்தன. மறுபுறம், அந்நிறுவனத்தின் வேறு சில விளம்பரங்களைப் பற்றிய வழக்கில், 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் முந்தைய தடையை நீக்கியது. சமூகத் துயரைக் காட்டும் உரிமை, விளம்பரம் என்னும் காரணத்தாலேயே பறிபோவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஓரத்தில் நிற்பவர் யார்?

நாம் என்ன சொல்வோம்? கோவில்களும் ஓவியங்களால் மக்களைத் தம்பால் ஈர்த்தவையே. இடைக்கால ஐரோப்பியப் பீட ஓவியங்கள் பலவற்றில், பொருளுதவி செய்த செல்வரின் உருவமும் ஓரத்தில் தீட்டப்பட்டிருக்கும். அந்தச் செல்வருக்கும் இந்தப் பச்சைப் பட்டைக்கும் வேறுபாடு என்ன? அந்தச் செல்வர் பெரும்பாலும் கை குவித்து முழந்தாளிட்டிருப்பார். தாம் பணம் கொடுத்து வரையச் செய்த துயரத்தின் முன்னே தாமும் பணிந்தவராகத் தம்மைக் காட்டச் சொன்னார். பச்சைப் பட்டை எதன் முன்னும் பணிவதில்லை. துயரத்தை அது கையொப்பமிட்டுத் தனதாக்கிக் கொள்கிறது.

ஆதலால் டேவிட்டின் குடும்பத்தார் அளித்த இசைவை நாம் குறைகூறலாகாது. தம் மகனின் சாவு பயனற்றுப் போகாதிருக்க அவர்கள் செய்த ஈகம் அது. கேள்வி, அந்த ஈகத்தைப் பெற்றவர்களை நோக்கியது. பிறர் துயரைக் காட்டுபவன் அத்துயருக்குக் கடன்பட்டவன். அந்தக் கடன் அடைக்கப்பட்டதா?

2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தின் டாக்கா அருகே எட்டு மாடிக் கட்டடமான ராணா பிளாசா இடிந்து 1,130-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர். இடிபாடுகளில் கிடைத்தவற்றுள் பெனட்டன் பெயர் பொறித்த ஆடைகளும் இருந்தன. முதலில் தொடர்பை மறுத்த நிறுவனம், பின்னர் அங்கு ஓர் உற்பத்தி ஆணை நிறைவேற்றப்பட்டதை ஒப்புக்கொண்டது. 2015-இல் 11 இலட்சம் டாலர் இழப்பீட்டு நிதிக்கு அளித்தது. மே முதல் நாள் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ், மாதம் 38 யூரோ ஊதியத்திற்கு உழைத்த அம்மக்களின் நிலையை அடிமைத்தனம் என்றே குறிப்பிட்டார். புகழ்பெற்ற அந்த விளம்பர வரிசையில் உலகின் எத்தனையோ துயரங்கள் இடம்பெற்றன. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் அதில் இடம் கிடைக்கவில்லை.

தொஸ்கானி 2025 சனவரி 13 அன்று காலமானார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், நோயால் மெலிந்த தம் உடலையும் அவர் நாளேட்டின் வழியாக உலகிற்குக் காட்டத் தயங்கவில்லை. பிறரிடம் கேட்டதைத் தாமும் தந்தார் என்ற அளவில் அவரை மதிக்கலாம்.

ராணா பிளாசா இடிபாடுகளில் தஸ்லிமா அக்தர் என்ற வங்கதேசப் பெண்மணி எடுத்த ஒரு படம் உண்டு. மண்ணில் பாதி புதைந்த நிலையில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் தழுவியபடி இறந்து கிடக்கின்றனர். அதுவும் ஒரு வியாகுலக் காட்சியே. அதன் ஓரத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. நாம் உடுத்தும் சட்டையின் கழுத்துப்பட்டையில் அந்தப் பெயர் இருக்கக்கூடும்.