உதகைப் பனியும் கம்மாபுரத்து அடைமழையும்

குளிர்காலத்தில் போன்சாய் மரத்தின் இலையைவிட வேரைத்தான் முதலில் காக்க வேண்டும். ஆனால் வேருக்கு வரும் கேடு உதகையில் ஒன்று, கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தில் வேறொன்று.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடங்கி வானம் தெளிந்த இரவுகளில் தரை தன் வெப்பத்தையெல்லாம் இழந்துவிட, விடிவதற்குள் புல்வெளி வெளுத்துப்போகும். நிலத்தில் நிற்கும் மரத்துக்குச் சுற்றியுள்ள மண் காவல். மேசைமேல் வைத்த தொட்டிக்கோ அடியிலும் பக்கத்திலும் குளிர்காற்று. கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. அதனால் அங்கே தொட்டியைத் தரைக்கு இறக்கி, விளிம்புவரை மண்ணில் புதைப்பதே நல்லது. 1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளை மிலார் எனப்படும் செடித்தழையால் மூடுவார்கள்; போன்சாய்க்கும் அந்த மூடாக்கு பொருந்தும். மண் காய்ந்துவிடவும் கூடாது. ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும்.

கம்மாபுரத்தில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே உறைபனி ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பகை. ஆழமில்லாத தொட்டியில் நீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். எனவே உதகையில் இறக்கியதை இங்கே ஏற்ற வேண்டும்: செங்கல்மேல் தொட்டி, அடைபடாத வடிதுளை, மண்ணோடு ஆற்றுமணலும் செங்கல் சல்லியும். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சாக்கு சுற்றினால் பூஞ்சைக்குத்தான் வசதி.

புயலன்று மட்டும் இந்த விதி மாறும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, மாவட்டமெங்கும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் மாடிக் கைப்பிடிச்சுவர்மேல் தொட்டி நிற்குமா? எச்சரிக்கை வந்ததுமே கீழே இறக்கிச் சுவரோரம் ஒண்டவைத்து, காற்று ஓய்ந்ததும் மறுபடி செங்கல்மேல் ஏற்றிவிட வேண்டும்.

மரத்தேர்வில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். கம்மாபுரத்தில் அது கிடைக்காது, மரம் ஆண்டுக்காண்டு நலியும். ஆல், இச்சி, புளி இருக்க அதை ஏன் வாங்கி வதைக்க வேண்டும்? அதேபோல ஆலை உதகையில் வளர்ப்பவர் பனி இரவுகளில் அதை வீட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும்.

தை பிறந்து மழை விட்டதும் கம்மாபுரத்துத் தொட்டி மண் வேகமாகக் காயும். தினமும் தொட்டுப்பார்த்து நீர் விட வேண்டும். உதகையில் மாசி வரை மிலாரை எடுக்க அவசரப்படக் கூடாது.