ஒட்டு வண்டிகள்

இறப்பர்க் கன்றை ஒட்டவைக்கும் முறையைச் சப்ரகமுவத் தோட்டங்களில் அறியாதார் இலர். நாட்டுக் கன்றின் வேரை வைத்துக்கொண்டு, நல்ல பால் தரும் மரமொன்றின் மொட்டை அதன் பட்டையில் பதித்துக் கட்டிவிட்டால், சில காலத்தில் வேர் ஒன்றினதும் தண்டு வேறொன்றினதுமாக ஒரு மரம் எழுகின்றது. இதே மாகாணத்தின் கராஜ்களில் மோட்டார் வண்டிகளுக்கும் ஏறத்தாழ இதே சிகிச்சை நடந்துவந்திருக்கிறது. ஒரு வண்டியின் உடல், மற்றொன்றின் எஞ்சின், மூன்றாவதன் பின்னச்சு. இவை கூடி ஒரு வண்டி. தேயிலைக்கும் இறப்பருக்கும் வரலாறு எழுதினோர் பலர். இந்த ஒட்டு வேலைக்கு எழுதினோர் மிகக் குறைவு.

மேல்நாட்டில் இவ்வகை வண்டிக்கு ஒரு பெயரும் ஒரு பெருமையும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'மொடல் ரீ' என்ற ஒரே வகைக் காரை 1 கோடியே 50 இலட்சம் வரையில் செய்து குவித்தது. அவை பழையனவாகிக் கழிக்கப்பட்டபோது, கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றைச் சில்லறை விலைக்கு வாங்கினர். மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்தனர். 1932 இல் ஃபோர்ட் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கிடைத்தவிடத்தில் தேடிப் பொருத்தினர். வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பந்தயம் வைத்தனர். 'ஹொட் ரொட்' என்னும் பெயர் இவ்வாறு பரவியது. நாளடைவில் அந்த வண்டிகள் முலாமும் மெருகும் பெற்றுச் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாகிவிடவே, அதற்கு எதிர்ப்பாகத் துருவையும் வெல்டிங் தழும்பையும் மறைக்காமல் விடும் மற்றொரு கூட்டம் தோன்றிற்று. அவர்கள் கட்டும் வண்டிக்கு 'ரட் ரொட்', அதாவது எலி வண்டி என்று பெயர். துருப்பிடித்த தோற்றமே அங்கு அழகு. நல்ல உடலுக்கும் வேண்டுமென்றே பழமை பூசுவோர் உண்டென்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் துருவை யாரும் அழகென்று சொல்லமாட்டார்கள்.

மோட்டார் வண்டிக்கும் சப்ரகமுவவுக்கும் உள்ள உறவு வண்டி வருமுன்னரே தொடங்கிவிட்டது. 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளின் கன்றுகள் அதே ஆண்டில் இலங்கை வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. டயருக்கு உலகெங்கும் கேள்வி எழுந்தபின், 1910 இல் இலண்டன் சந்தையில் இறப்பர் விலை இறாத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலைக் குன்றுகளிலும் காடு அழிந்து இறப்பர் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் வந்தோர் விடியுமுன் பால் வெட்டினர். உலகத்தின் கார்கள் ஓடுவதற்கான சக்கரத்தோல் இங்கிருந்து போயிற்று. அதை வெட்டியவர்களோ மலைக்கும் ஸ்டோருக்கும் நடந்தே சென்றனர்.

பாரமேற்றுவது முதலில் மாட்டு வண்டியின் வேலையாயிருந்தது. பின்னர் இரண்டரை அடி அகலப் பாதையில் களனிவெளிப் புகையிரதம் வந்தது. 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கையையும் அது எட்டிற்று. ஆயினும் புகையிரத நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் வழி செங்குத்தானது. அங்கே லொறியும் காரும் வேண்டியிருந்தன. பெரிய துரைக்குக் கார், சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள், தோட்டத்துக்கு ஒரு லொறி என்பது பொதுவான வழக்கமாயிற்று. லொறியோடு டிரைவரும் கிளீனரும் வந்தார்கள். லயத்துப் பிள்ளையொருவன் கொழுந்து மலைக்கோ பால் காட்டுக்கோ போகாமல் வேறு தொழில் கற்க இருந்த மிகச் சில வாயில்களுள் இந்தக் கிளீனர் வேலையும் ஒன்று. முதலில் வண்டி கழுவுவான். ஏற்றத்தில் சக்கரத்துக்கு அடைகல் வைப்பான். கராஜில் பாஸின் கையருகே சாவியும் ஸ்பானருமாக நிற்பான். சில ஆண்டுகளில் எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்தவனாவான். ஏட்டில் அவன் பெயர் தோட்டத் தொழிலாளி என்ற வகையிலேயே இருந்தது.

பழைய வண்டியை வேறு வண்டியாக்க முடிந்ததன் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. அக்காலக் காரில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மீது எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள் யாவும் அமரும். மரச்சட்டத்தில் தகடு அறைந்த உடலைத் தனியே தூக்கி வைத்து ஆணி முடுக்கினால் கார் ஆயிற்று. உடலைக் கழற்றிவிட்டுப் பின்புறம் பலகைத் தட்டு வைத்தால் அதே சட்டம் சிறு லொறியாகும். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 290,000 விற்பனையான 'ஒஸ்டின் செவன்', மக்கள் 'பேபி ஒஸ்டின்' என்றது, இத்தகையதே. 747 கன சென்டிமீட்டர் எஞ்சின், 'ஏ' எழுத்து வடிவில் முன்னே குறுகிப் பின்னே விரியும் சட்டம். பிரித்தானியாவில் உடலற்ற ஒஸ்டின் செவன்மீது தகட்டை வளைத்துச் சொந்தமாகப் பந்தயக் கார் கட்டுவது ஒரு தலைமுறையின் பைத்தியமாயிருந்தது. கொலின் சப்மன் 1948 இல் அவ்வாறு கட்டியதே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற லோட்டஸ் கார்களின் முதல் வண்டி. இலங்கையிலும் 1934 இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கியபின், துரைமாருக்குக் கார் வெறும் வாகனமாக மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த வேலைக்குப் புதிய சரக்கைக் கொண்டுவந்தது. 1942 இல் மலாயா ஜப்பானியர் வசமானபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இறப்பரில் பெரும்பங்கு இலங்கையினுடையது. மரம் செத்தாலும் சரியென்று பால் வெட்டப்பட்ட காலம் அது. 1944 இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது; படை போனபின் ஜீப்புகளும் லொறிகளும் மிஞ்சின. 60 குதிரைவலு எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் உடைய ஜீப் தோட்டப் பாதைக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. 1948 இல் வெளிவந்த லாண்ட் ரோவர் அதற்கும் ஒருபடி மேல். போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடாயிருந்ததால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அங்குள்ள பற்றாக்குறை இங்குள்ள மழைக்கு மருந்தாயிற்று: உடல் துருப்பிடிக்கவில்லை, சட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் பழைய லாண்ட் ரோவர்கள் நெடுங்காலம் உழைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

ஒட்டு வேலை உண்மையில் கலையாக வளர்ந்தது 1960 களிலும் 1970 களிலும் ஆகும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது; 1970 முதல் 1977 வரை உதிரிப் பாகமும் டயரும்கூட அரிதாயின. 1973 இன் இறுதியில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது பெற்றோல் குடிக்கும் பழைய பிரித்தானிய எஞ்சினை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாயிற்று. களனிவெளிப் பாதையில் அவிசாவளைக்கு அப்பால் 1976 இல் இரயில் நின்றதும் வீதியின் பாரம் இன்னும் கூடிற்று. ஆகவே ஜீப்புக்கும் லாண்ட் ரோவருக்கும் ஜப்பானிய டீசல் எஞ்சின் பொருத்தும் வழக்கம் நாடெங்கும் பரவலாயிற்று.

சொல்வதற்கு எளிதெனினும், டீசல் எஞ்சின் அதே அளவுள்ள பெற்றோல் எஞ்சினிலும் பாரமானது. அதை வைத்தால் முன்புறம் தாழும். எனவே முன் வில்லில் ஒரு பட்டை கூட்டவேண்டும். அதன் அதிர்வு கடுமையானது. எஞ்சினைத் தாங்கும் கால்களைச் சட்டத்தில் ஒட்டிய வெல்டிங் சில மாதங்களில் வெடிக்கும். எனவே இறப்பர்த் தாங்கியின் தடிப்பும் இடமும் சரியாக அமையவேண்டும். புதிய எஞ்சினைப் பழைய கியர்ப்பெட்டியோடு இணைப்பதாயின், இடையில் ஓர் இரும்புத் தட்டு வெட்டி, எஞ்சின் தண்டும் கியர்த் தண்டும் மயிரிழையும் விலகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்கத் துளையிட வேண்டும். விலகினால் கிளச்சும் பெயாரிங்கும் உணவாகும். புரொப்பெல்லர் தண்டை அறுத்து நீளம் குறைத்து மீண்டும் ஒட்டினால், அது சமனாகச் சுழலாதவிடத்து வேகத்தில் வண்டி முழுவதும் நடுங்கும். எல்லாம் சரியாயிருந்தாலும், டீசல் மெதுவாகச் சுழல்வதால் பழைய பின்னச்சின் பல்விகிதம் பொருந்தாது. வண்டி மலை ஏறும், சமதரையில் நகராது. இதற்காகவே மூன்றாவது வண்டியொன்றின் பின்னச்சைத் தேடினார்கள். கணக்குப் புத்தகம் பாராமல், கயிறும் சுண்ணாம்புக் கோடும் தட்டிப் பார்க்கும் காதுமாக இவற்றைச் செய்துமுடித்தவர்களை எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுத்து அனுப்பவில்லை. பிரேக் மட்டும் பல வண்டிகளில் பழையபடியே விடப்பட்டது. இது இந்தக் கலையின் பெருங்குறை; புகழ்ந்து பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

'மொரிஸ் மைனர்' வேறொரு சோதனை. 1948 முதல் 1971 வரை 16 இலட்சம் வரையில் செய்யப்பட்ட இந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை; தரைத்தகடும் கதவின் கீழ்ப்படியும் சேர்ந்தே அதன் முதுகெலும்பு. அந்தக் கீழ்ப்படி துருவினால் கதவைத் திறந்ததும் உடல் நடுவில் தொய்யும். மேலே பட்டி பூசிப் பளபளக்கச் செய்யும் டிங்கரிங்காரனுக்கும், உள்ளே உறுதியான தகடு வைத்து ஒட்டும் பாஸுக்கும் உள்ள வேறுபாட்டை மொரிஸ் மைனர் ஒரே மாரியில் காட்டிக்கொடுத்துவிடும். தகடு தட்டும் இந்தக் கைத்திறன் பின்னர் கடல் கடந்தது. பழைய காரைத் திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்ட சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால், 1990 களில் மொரிஸ் மைனரின் உடற் பாகங்கள் தென்னிலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. காரைச் செய்து அனுப்பிய நாடு, அதன் கதவையும் மட்கார்டையும் இங்கிருந்து வாங்கிற்று.

ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களில் தொழில் கற்ற கைகள் எல்லாம் அந்த நாள்வரை இங்கே இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பால் வெட்டுவோரோடு டிரைவர்களும் கிளீனர்களும் பட்டறைக்காரர்களும் தலைமன்னாரில் கப்பலேறினர். ஒரு கராஜில் பாஸ் போனால், அவர் காதில் இருந்த அறிவும் கூடவே போகும். எழுதிவைத்துவிட்டுப் போகும் வகை அறிவன்று அது.

வண்டிகளுக்கோ எழுத்து இருந்தது. 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவேடு உண்டு. அதில் அடிச்சட்ட எண், எஞ்சின் எண் இரண்டும் குறிக்கப்படும். எஞ்சினை மாற்றினால் அறிவிக்கவேண்டும். ஒட்டு வண்டிக்காரனின் தலைவலி பெரும்பாலும் இங்கேதான்: சட்டத்தில் அடித்த எண்ணைத் துரு தின்றுவிட்டால், கண்முன் ஓடும் வண்டியும் ஏட்டில் இல்லாததாகிவிடும். எண் தகடும் சும்மா இருக்கவில்லை. 1957 முதல் அதில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து சேர்ந்தபோது எழுந்த எதிர்ப்பு 1958 இல் தோட்டங்கள் வரை பரவிற்று. இன்று பழைய கார் விரும்பிகள் அந்த எழுத்துள்ள தகட்டைப் பழமையின் அடையாளமாக மட்டும் துடைத்துப் பேணுகின்றனர்.

1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானில் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பழைய உடல்கள் இரும்பு விலைக்குப் போயின. சில, கோழிக்கூட்டுக்கும் கொட்டிலுக்கும் கூரையாயின. ஆயினும் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் வழிவிடப்படும்வரை, ஏறத்தாழ 5 ஆண்டுகள், நாட்டில் இருந்த வண்டியே வண்டி. அவிசாவளையிலிருந்து பெல்மதுளை வரையுள்ள வீதியோரக் கராஜ்களில், முன்னொரு தலைமுறை செய்த வேலையை இளைஞர்கள் மறுபடியும் செய்தார்கள். அளவெடுக்கும் கருவியும் மின்சார வெல்டிங்கும் அவர்களிடம் முன்னைவிட மேலானவை. பின்னச்சுப் பல்விகிதத்தை மட்டும் பலர் மீண்டும் முதலிலிருந்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தே கற்க நேர்ந்தது.