பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் அதன் பொருள் நமக்கு முழுமையாக விளங்கவில்லை. ஆறாம் நூற்றாண்டுப் பேரரசி தெயோதோராவின் பெயர் வகுப்பில் வரும்போதெல்லாம் பின்வரிசையில் மெல்லிய சிரிப்பொன்று எழும். அரியணை ஏறுமுன் அவர் கூத்தரங்கில் ஆடியவர் என்பதை நாம் அனைவரும் அறிந்திருந்தோம். ‘அவள், இவள்’ என்றே பேசினோம். அந்த ஆட்டத்தைக் காணக் கூடியவர் யாவர் என்று எவரும் வினவியதில்லை, நாமும் வினவவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பல்லாண்டுகள் மாந்தர்தம் துயரங்களைச் செவிமடுத்தபின், அன்றைய சிரிப்பு இன்று நம்மை உறுத்துகிறது. அதனால் அவ்வரலாற்றை மீண்டும் புரட்டிப் பார்த்தோம்.

பண்டைய உரோமையில் துன்பியல், இன்பியல் நாடகங்களின் பெண் வேடங்களையும் முகமூடி அணிந்த ஆடவரே ஏற்றனர். ‘மைம்’ எனப்பட்ட கூத்தில்தான் பெண்கள் முகமூடியின்றி மேடையேறினர். புளோரா தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட வசந்த விழாவில், கூட்டத்தினர் குரல் கொடுத்தால் அப்பெண்கள் ஆடை களைய வேண்டும் என்பது வழக்கம். கி.மு. 55-இல் ஒழுக்கசீலர் எனப் பெயர்பெற்ற காத்தோ அவ்விழாவுக்கு வந்திருந்தார். அவர் முன்னிலையில் அக்குரலை எழுப்ப மக்கள் கூசினர். நண்பர் ஒருவர் இதனைத் தெரிவிக்கவே, காத்தோ எழுந்து வெளியேறினார். மக்கள் பலத்த கரவொலியுடன் அவரை வழியனுப்பிவிட்டு, வழக்கமான காட்சியைக் கேட்டுப் பெற்றனர் என்கிறார் வலேரியுஸ் மாக்சிமுஸ். வெட்கம் கேட்டவரிடம் இருந்தது. இழிபெயரோ ஆடியவரைச் சேர்ந்தது.

அவ்விழிபெயர் வெறும் வாய்ச்சொல் அன்று. சட்டத்தின் சொல்லும் ஆகும். மேடையேறிப் பிழைத்தோர் நற்பெயர் இழந்தோராக எண்ணப்பட்டனர். கி.மு. 18-இல் அகுஸ்து பேரரசர் இயற்றிய திருமணச் சட்டம், ஆட்சிமன்றக் குடும்பத்தார் நடிகையரையோ அவர்தம் மகளிரையோ மணத்தல் ஆகாது என்றது. ‘அரங்கத்துப் பெண்’ என்னும் சொல்லுக்குள்ளேயே ‘பரத்தை’ என்னும் பொருளும் புகுந்துகொண்டது. அச்சொல்லைச் சுமந்த பெண் வேறு வாழ்வு தேடினாலும் கதவுகள் திறக்கவில்லை.

பேரரசு கிறிஸ்தவம் தழுவியபின் நிலை மாறியிருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். தெயோதோசியுச் சட்டத் தொகுப்பில் அரங்கத்தாரைப் பற்றித் தனிப்பகுதி ஒன்று உண்டு. கி.பி. 371-ஆம் ஆண்டுச் சட்டம், சாகும் தறுவாயில் அருட்சாதனம் பெற்ற நடிகர், நடிகையர் பிழைத்தெழுந்தால், அவர்களை மீண்டும் மேடைக்கு இழுத்தல் ஆகாது என்கிறது. நல்ல சட்டந்தான். எனினும் நோய் உண்மையானதா என்று முதலில் ஆய்ந்தறிய வேண்டுமாம்! அரங்கத் தொழில் பிறப்பால் வந்த கட்டுக்கடன்; மகள் தாயைத் தொடர்ந்தாக வேண்டும். திருமுழுக்கு வெளியேறும் வாயிலாக அமைந்தது. ஆகவே அவ்வாயிலில் காவல் வைத்தனர். 381-இல் வந்த சட்டம், மறையின் பெயரால் விடுதலை பெற்றவள் பின்னர் நெறி தவறினால், முதுமையால் நகைப்புக்கிடமாகும் வரை அவள் மேடையிலேயே கிடக்கட்டும் என்றது. 413-ஐ ஒட்டி வந்த ஆணை, விடுவிக்கப்பட்ட மைம் நடிகையரையே திரும்ப அழைக்கச் சொன்னது. காரணம், மக்களின் கேளிக்கைக்கும் விழா நாள்களுக்கும் அணி குறையலாகாதாம். பழிக்கவும் வேண்டும், விடவும் கூடாது! தேவை மிகுந்த சரக்காக அப்பெண்கள் கருதப்பட்டனர்.

அந்தியோக்கியாவில் மறையுரையாற்றிய பொன்வாய் அருளப்பர் நடிகையரைக் கடுஞ்சொற்களால் சாடியவர்தாம். அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் மத்தேயு நற்செய்தி பற்றிய உரைகளில் அவர் தம் மக்களை நோக்கித் திரும்புகிறார். காண்போர் இல்லையேல் ஆடுவோரும் இல்லை; எனவே குற்றத்தில் பெரும்பங்கு காண்போர்க்கே என்கிறார். அவ்வுரைகளிலேயே பெனிசிய நகரத்து நடிகை ஒருவரின் மனமாற்றத்தையும் எடுத்துரைக்கிறார். புகழின் உச்சியிலிருந்த அப்பெண் அரங்கைத் துறந்தார். ஆளுநர் படைவீரரை ஏவியும், அடைக்கலம் தந்த கன்னியரிடமிருந்து அவரை மீட்டுக் கொணர இயலவில்லை. அப்பெண்ணின் பெயரை அருளப்பர் குறிப்பிடவில்லை.

தெயோதோராவுக்கு வருவோம். அவருடைய தந்தை குதிரைப் பந்தயத் திடலில் கரடி காத்தவர். அவர் இறந்தபின் பெண்மக்கள் மேடையேறினர். 520-களின் தொடக்கத்தில் ஜஸ்டின் பேரரசர், மனந்திரும்பிய நடிகையர் உயர்குடியினரையும் மணக்கலாம் எனச் சட்டம் செய்தார். அவ்வழியில்தான் ஜஸ்டீனியன் தெயோதோராவை மணந்தார். பின்னர் 537-ஐ ஒட்டி, அரங்கை விட்டுப் போவதில்லை என்று பெண்களிடம் பிணையும் ஆணையும் பெறுவது செல்லாது, பெற்றவருக்கே தண்டம் என ஜஸ்டீனியன் ஆணையிட்டார். சட்டத்தின் கை மேடைக்குக் கீழே நின்றவர் மீதும் விழுந்தது.

பழிச்சொல்லோ விலகவில்லை. புரோக்கோப்பியுஸ் மறைவாக எழுதி வைத்த வசைநூல், 1623-இல் அச்சேறி உலகெங்கும் பரவியது. தெயோதோராவின் ஆதரவைப் பெற்ற எபேசு யோவான் என்னும் ஆயர்கூட அவரைப் பரத்தையர் இல்லத்திலிருந்து வந்தவர் என்றே குறிப்பிடுகிறார். இராவென்னா நகரின் புனித வித்தாலிஸ் ஆலயச் சுவரில் அவர் கையில் பொற்கிண்ணம் ஏந்தி நிற்கிறார். நம் வகுப்பில் நினைவுக்கு வந்தது அந்தக் கிண்ணம் அன்று.

இது பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. அமெரிக்காவின் பாலியல் படத்தொழிலில் திருநங்கையருக்கு வழங்கப்பட்ட விருதொன்று, அவர்களை இழிக்கும் சொல்லையே பெயராகத் தாங்கியிருந்தது. 2014-இல்தான் அப்பெயர் மாற்றப்பட்டது. வாங்குவோர் அச்சொல்லால்தான் தேடுகின்றனர், விற்போர் என்ன செய்வது என்பது வணிகத்தின் வாதம். விழா நாளுக்கு அணி குறையலாகாது என்ற பழைய ஆணையின் குரல் இதில் நமக்குக் கேட்கிறது. தெருவில் அப்பெண்களை ஏசுவதற்கும் தனியறையில் தேடுவதற்கும் ஒரே சொல். தேடுகிறவனோ அச்சொல்லுக்குத் தப்பிவிடுகிறான்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆலயத்துக்கு இழுத்து வந்தவர்கள், உடனிருந்த ஆடவனை அழைத்து வரவில்லை. அப்பெண்ணுக்கு அவர்களிடம் ஒரு பட்டம் ஆயத்தமாக இருந்தது. ஆண்டவர் அப்பட்டத்தை வாயில் எடுக்கவில்லை. ‘அம்மா’ என்றே விளித்தார். அப்பெண்ணுடைய பாவத்தை அவர் மறைக்கவுமில்லை. கூடியிருந்தோரின் பாவத்தை மறக்கவுமில்லை. பின்வரிசையில் சிரித்த நாம் அவ்விளியைக் கற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது.