நெய்யூர்த் திண்ணையும் கொளச்சல் கரையும்: குமரி மாவட்டச் செவிலியப் பணியின் வரலாறு

கொளச்சல் என்றவுடன் வரலாறு கற்றோருக்கு 1741ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரர்களை வென்ற கடற்கரை அது. அவ்வூர் மக்களைக் கேட்டால் வேறோர் ஆண்டைச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எழுந்த ஆழிப்பேரலை, குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்களைக் கொண்டு சென்றது. தமிழகத்தில் நாகப்பட்டினத்திற்கு அடுத்தபடியாக மிகுதியான உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். கொளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் சிதைந்தன. கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவே குடியிருந்தோர், முன்னால் அலையும் பின்னால் சேறுமாக ஓட வழியின்றி மாண்டனர். பெண்களும் சிறுவர்களுமே பெருந்தொகையினர்.

இறந்தோரை அடக்கம் செய்வதிலும் உயிர் பிழைத்தோருக்கு உணவளிப்பதிலும் தமிழகக் கடற்கரை முழுவதும் முஸ்லிம் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் ஆற்றிய பணியை நாடறியும். பரங்கிப்பேட்டையில் திருமண விருந்துக்கென ஆக்கிய சோறு, அன்றே அலையில் உறவுகளை இழந்த மீனவக் குடும்பங்களுக்குச் சென்றது. ஆயினும் அப்பணி பெரும்பாலும் ஆண்களின் பணியாகவே அமைந்தது. காயம்பட்ட பெண்ணின் புண்ணைக் கழுவவும், நிறைசூலியாக முகாமில் கிடந்தவளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் வந்தவர்கள் அரசு மருத்துவமனைச் செவிலியரும், கிராம சுகாதாரச் செவிலியரும், கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்ற தாதியருமே. நம் வீட்டுப் பெண்கள் அவர்களுள் மிகச் சிலரே. ஏன் என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கொளச்சலிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது நெய்யூர். இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1838இல் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே இங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப்பின் இடைவெளி விழுந்தது. 1850களில் வந்த மருத்துவர் சார்லஸ் லீச் கடலில் மூழ்கி இறந்தார். 1860இல் தென் திருவிதாங்கூரில் மழை பொய்த்தது. பஞ்சமும் அதன் பின்னே காலராவும் வந்தன. மறு ஆண்டில் நெய்யூருக்கு வந்த மருத்துவர் ஜான் லோ, ஒரு மருத்துவர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதால் இத்தகைய பேரிடரைச் சந்திக்க இயலாது என்பதை உணர்ந்தார். உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்து, உடற்கூறும் மருந்தியலும் சிறு அறுவையும் கற்பித்துக் கிளை மருந்தகங்களில் அமர்த்தினார். மதப்பரப்பல் அதன் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. எனினும், எளிய மக்களுக்குள்ளேயே நோயாளியைப் பேணத் தெரிந்த ஒருவரை உருவாக்கி அவர்களிடையே இருத்துவது என்னும் முறை இம்மண்ணில் வேரூன்றியது அப்போதுதான். பிற்காலத்தில் சமூக நலவாழ்வு என்று பெயர் பெற்றதன் முதல் வடிவம் என்று அதைக் கொள்ளலாம்.

நெய்யூர்த் திண்ணையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தீண்டாமை மட்டுமன்றி, இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்ற அளவுகோலும் வழங்கிய திருவிதாங்கூரில், மருந்துக்கு வந்த நாயரும் நாடாரும் பறையரும் ஒரே திண்ணையில் முறைக்காகக் காத்திருந்தனர். தோள்சீலைக் கலகம் ஓய்ந்திராத காலத்தில் இது சிறு செய்தியன்று.

1893இல் இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலுக்கு வந்தார். அப்போது அவர் மருத்துவர் அல்லர். ஒரு குளியலறையை மருந்தகமாக்கிக்கொண்டு தொடங்கினார் என்று அச்சேனையின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அச்சிற்றறையே கேத்தரின் பூத் மருத்துவமனையின் தொடக்கம். 1900இல் வந்த மருத்துவர் பெர்சி டர்னர் அதை முறையான மருத்துவமனையாக்கினார். செவிலியர் பயிற்சியும் பின்னர் அங்கு வளர்ந்தது. ஆண்ட்ரூஸின் முடிவு வடமேற்கு எல்லையில் நிகழ்ந்தது. மருத்துவராகி வட இந்தியாவில் பணியாற்றிய அவர், 1919 அக்டோபர் 22 அன்று வஜீரிஸ்தானில் கஜூரி என்னும் காவல் நிலையருகே, தாக்குண்ட வண்டித்தொடரின் காயம்பட்டோரைக் குண்டுமழையில் ஒவ்வொருவராய் ஊர்தியில் ஏற்றிவிட்டுத் தாம் ஏறும்போது சுடப்பட்டு இறந்தார். அவர் மறைந்தபின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவ்வெல்லைப் போரில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு வழக்கு. காயம்பட்டவனை ஏற்றியவரைப் பற்றி இரு கருத்து இருக்கமுடியாது.

நெய்யூரின் புகழ் உச்சத்தை எட்டியது மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் காலத்தில். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏழு மலைச் சுமையாளர்களைப் பனிச்சரிவு புதைத்ததைக் கண்டு கலங்கிய அவர், தெற்கே சுற்றிவந்தபோது நெய்யூரில் மருத்துவர் பியூ தனியொருவராய்த் திணறுவதைப் பார்த்தார். இங்கிலாந்தில் காத்திருந்த பெருவாழ்வைக் கைவிட்டு இங்கேயே தங்கினார். குடற்புண் மிகுந்திருந்த திருவிதாங்கூரில் அவர் செய்த இரைப்பை அறுவைகள் பெயர் பெற்றவை. அறுவை செய்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அறுவைக்குப்பின் இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைக் காத்தவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. செவிலிய வரலாறு எழுதப் புகுவோர் யாவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

தொடக்கத்தில் இப்பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வரக் காலமாயிற்று. திருவனந்தபுரம் பொது மருத்துவமனையிலேயே 1906இல் சுவிட்சர்லாந்தின் மென்சிங்கன் நகரிலிருந்து வந்த திருச்சிலுவைக் கன்னியரைக் கொண்டுதான் செவிலியப் பணி சீரமைக்கப்பட்டது. பெண்களைப் பேணப் பெண்கள் வேண்டும் என்பதை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று வடதமிழகத்தில் நடந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்கும்படி வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அவர். அன்னிய ஆணைத் தொடவிடமாட்டோம் என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். அந்த இரவிலிருந்துதான் வேலூர் மருத்துவமனை பிறந்தது. 1909இல் அதன் செவிலியர் பள்ளியும், 1946இல் செவிலியப் பட்டப்படிப்பும் வந்தன. அந்தக் கணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பர்தாவைப் பேணிய சமுதாயம், அதைப் பேணிக்கொண்டே உயிர் பிழைப்பதற்கு வேண்டிய பெண் மருத்துவரையும் செவிலியரையும் உருவாக்கவில்லை என்பதே கேள்வி.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) அவர்களுக்கு ஒரு கூடாரம் இருந்தது. அகழ்ப் போரில் கையின் நரம்பில் அம்பு தைத்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அக்கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். தாமே சென்று நலம் விசாரித்தார்கள். போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும் காயத்திற்கு மருந்திட்டதையும் ருபைய்யிஃ (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் கெய்ரோ மருத்துவமனையைக் கண்ட இப்னு ஜுபைர், பெண் நோயாளிகளுக்குத் தனியிடமும் அவர்களைக் கவனிக்கத் தனிப் பணியாளரும் இருந்ததை எழுதிவைத்தார். செலவுக்கு வக்ஃபு நிலங்கள் இருந்தன. நைட்டிங்கேல் அம்மையார் இலண்டனில் பள்ளி தொடங்கிய 1860க்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் முந்திய செய்தி இது. இப்பெருமையை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்.

தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் தக்கலையிலும் நோய்ப் பணியும் பேறுகாலப் பணியும் யாரிடம் இருந்தன என்பதை மேடைகளில் சொல்வதில்லை. குழந்தையைக் கையேந்தி எடுத்தவள் ஒஸ்ஸாத்தி. அவள் கணவன் முடி திருத்தினான், சுன்னத்துச் செய்தான், கட்டிகளைக் கீறி மருந்திட்டான். பள்ளிவாசலில் அவன் தோளோடு தோள் நின்று தொழலாம். அவன் வீட்டில் பெண் எடுப்பதற்கோ கொடுப்பதற்கோ பிற குடும்பங்கள் முன்வரவில்லை. இரத்தத்தையும் சீழையும் தொடும் பணி தாழ்ந்தது என்ற எண்ணம் நாம் எந்த நூலிலும் கற்றதன்று. இம்மண்ணின் சாதி முறையிடமிருந்து கடன் வாங்கியது. செவிலியத்தின்பால் நம் குடும்பங்கள் காட்டிய தயக்கத்திற்கு இரவுப் பணி, ஆண் நோயாளி, சீருடை ஆகியவற்றைக் காரணம் காட்டுவார்கள். அவற்றில் உண்மையுண்டு. ஆனால் ஒஸ்ஸாத்தியை வைத்த இடத்திலேயே செவிலியையும் மனத்தில் வைத்தோம் என்பதே ஆழமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண்கள் பயிற்சி பெற்றுச் சவூதிக்கும் குவைத்துக்கும் சென்று, அங்கே பிழைக்கச் சென்ற நம் ஆண்களுக்கே ஊசி போட்டார்கள் என்பது இதன் மறுபக்கம்.

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் பரவின. சமவெளியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது கணக்கு. கடற்கரை ஊர்களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் தாய்-சேய் நலப் பணிகளை நடத்தியது. ஆசாரிப்பள்ளத்தில் காசநோயாளருக்கென இருந்த இடத்தில் 2001இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மூன்றாண்டில் ஆழிப்பேரலை வந்தது.

இத்தகைய பேரழிவுக்குப்பின் வாந்திபேதியும் தட்டம்மையும் பரவும் என்று உலகமே அஞ்சியது. தமிழகத்தில் பெருங்கொள்ளைநோய் எதுவும் எழவில்லை. பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்த செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் முகாம் முகாமாய்ச் சென்று குடிநீரில் குளோரின் கலந்தார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள், பேதி கண்டவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் குறித்து அனுப்பினார்கள். 1860இன் காலராவோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும்.

அவர்கள் எதிர்பாராத துயரம் ஒன்றும் இருந்தது. அளவான குடும்பம் என்று வீடுவீடாகச் சொல்லிப் பெண்களைக் குடும்பநல அறுவைக்கு அழைத்துச் சென்றவர்கள் இதே செவிலியர். அலை அக்குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. இனித் தாயாக முடியாது என்று நின்ற பெண்களின் முன்னே, முன்பு அழைத்துச் சென்ற அதே செவிலி நிற்கவேண்டியதாயிற்று. கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்யத் தமிழக அரசு ஆணையிட்டது. தனியார் மருத்துவமனையில் செய்துகொள்வோருக்கு 25,000 ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. பலிக்காதவர்களின் வீட்டுக்கும் செவிலி மாதந்தோறும் போகத்தான் வேண்டும். அது அவள் பகுதி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது துயரம் வேறு உருக்கொண்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. காணாமற்போன கணவனின் மனைவி எத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் ‘மஃப்கூத்’ என்னும் தலைப்பில் விரிவாகப் பேசப்படும் பொருள். உமர் (ரலி) அவர்கள் நான்காண்டு என்று தீர்ப்பளித்ததாக அறிவிப்பு உண்டு. அரசின் சட்டம் ஏழாண்டு என்கிறது. ஒக்கிக்காக அதைத் தளர்த்தி, காணாமற்போனோரை இறந்தவராகக் கருதி நிதி வழங்கினார்கள். நிதி வந்தபின்னும் கதவைத் தாழிடாமல் உறங்கும் பெண்கள் அவ்வூர்களில் உண்டு. உறக்கமின்மையும் இரத்த அழுத்தமும் அவர்களிடம் மிகுதி. துணைச் சுகாதார நிலையத்துச் செவிலி மாத்திரையோடு அவ்வீடுகளின் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்து, கேட்டதையே மீண்டும் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறாள்.