பதினாறில் ஒரு பங்கு: தோட்டப்புறத் தமிழரின் கொல்லைப்புற வரலாறு



மலேசியத் தமிழர் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கப்பல், கங்காணி, பால்மரம், சயாம் மரண இரயில் ஆகியவையே. பாடம் நடத்தும்போதும் இவற்றைத்தான் வரிசையாகச் சொல்கின்றோம். இவை சொல்லப்பட வேண்டியவையே, ஐயமில்லை. ஆயினும், அந்த வரலாற்றுக்குள் இருந்தும் ஏடேறாத மற்றொரு வரலாறு உண்டு. அது லயத்து வீட்டின் பின்புறத்தில், ஒரு முருங்கை மரத்தடியில், சில பாத்திகளுக்கிடையே நிகழ்ந்த வரலாறு. நம் முன்னோர் தம் கைகளாலேயே அமைத்துக்கொண்ட கொல்லைப்புறத் தோட்டங்களைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகின்றேன்.

சட்டம் தந்த நிலம்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மலாயாத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளிக்கூடம் பற்றிய விதியை ஆசிரியர்கள் பலரும் அறிவர். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்பது அவ்விதி. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழ் என்றே அதனைக் கூறலாம். அதே காலச் சட்டத்தில் நிலம் பற்றிய விதி ஒன்றும் இருந்ததைப் பலர் அறியார். குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒருவருக்குக் காய்கறி பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அவ்விதி.

பதினாறில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? ஏறத்தாழ 2,720 சதுர அடி. மாணவர்களுக்கு விளக்குவதென்றால், மூன்று பூப்பந்தாட்டத் திடல்களை அடுத்தடுத்து வைத்த அளவு எனலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் பால்மரம் வளர்ந்த தோட்டத்தில் இது ஒரு துளியே. அந்தத் துளியும் எல்லாத் தோட்டங்களிலும் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. சட்டம் ஒன்று, நடைமுறை வேறொன்று என்பது தோட்டப்புறத்தில் புதிதன்று. ஆயினும் கிடைத்த இடத்தை நம்மவர் வீணாக்கவில்லை.

பிற்பகலின் உழைப்பு

பால்மரத் தொழிலுக்கும் கொல்லைத் தோட்டத்திற்கும் ஓர் இயற்கையான பொருத்தம் இருந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறைந்துவிடும். ஆகவே இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் வீடு திரும்புவர். எஞ்சிய பிற்பகலே தோட்டத்திற்குரிய நேரமாயிற்று. குறிப்பாகப் பெண்களுக்கு அது ஓய்வு நேரமன்று, மூன்றாவது வேலை. வெளியே மரம் சீவுதல், உள்ளே சமையல், பின்னே பாத்தி.

அவர்கள் கடைக்குச் சென்று கருவி வாங்கவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டால் பூவாளி ஆயிற்று. அதே தகரத்தில் மண் நிரப்பினால் நாற்றுத் தொட்டி. வெட்டிய மூங்கிலால் பாகற்காய்க்கும் புடலங்காய்க்கும் பந்தல். பழைய பலகையால் கோழிக்கூண்டு. மாட்டுக் கொட்டகையின் சாணமும் அடுப்புச் சாம்பலும் உரம். பசுவின் பாலில் ஒரு பகுதி பிள்ளைகளுக்கு, மறுபகுதி விற்பனைக்கு. எதுவும் குப்பைக்குப் போகவில்லை. இன்று நாம் 'மறுசுழற்சி' என்று பாடநூலில் கற்பிப்பதை அவர்கள் பெயரிடாமலேயே செய்தனர்.

குழாயடிப் பல்கலைக்கழகம்

இங்கு ஒரு வினா எழுகின்றது. தமிழகத்தில் பயிர்த்தொழில் செய்தவர்கள் பலர் மலாயாவுக்கு வந்தனர். ஆனால் அந்த அறிவு இங்கு அப்படியே பயன்பட்டதா? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்தின் பருவமழையை ஒட்டிப் பிறந்த முதுமொழி. மலாயாவிலோ ஆண்டு முழுவதும் மழை; மேற்குக் கரையோரத்தில் சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் மழை மிகும். ஆடிப்பட்டம் இங்குப் பொருளற்றுப் போயிற்று. மண்ணும் வேறு, பூச்சியும் வேறு. எனவே தெரிந்ததை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

கற்பித்தவர் யார்? நூலில்லை; வேளாண் அதிகாரி வந்து விளக்கியதும் அரிது. குழாயடியில் நின்ற அக்காள் கற்பித்தார். அடுத்த லயத்து மாமி கற்பித்தார். முருங்கையைக் கொம்பு வெட்டி நடலாம். வாழைக்குப் பக்கக்கன்று போதும். மரவள்ளியின் தண்டை ஒரு சாண் அளவு நறுக்கி ஊன்றினாலே துளிர்க்கும். இவையெல்லாம் வாய்வழியே பரவின. 'மிளகாய்க்கு இவ்வளவு தண்ணீர் ஊற்றாதே', 'கத்தரியைச் சென்ற முறை வைத்த இடத்திலேயே வைக்காதே' என்று ஆளுக்கொரு கருத்து, அதற்கோர் எதிர்க்கருத்து. வழக்காடி, சோதித்துப் பார்த்து, விளைச்சலைக் கண்டு தீர்ப்பு எழுதினர்.

கருத்தோடு செடியும் கைமாறிற்று. கறிவேப்பிலைக் கன்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது அரிது. அண்டை இனத்தவரிடமிருந்தும் கற்றனர். மலாய்க் கம்பத்திலிருந்து செராயும் பண்டான் இலையும் நம் கொல்லைக்கு வந்தன. சீன விவசாயிகளின் சாவிக்கீரை நம் சட்டிக்கு வந்தது. இன்று நம் வீட்டுக் கோழிக்கறியில் செராய் மணக்கின்றதென்றால், அதன் பின்னால் வேலிக்கு மேலே நடந்த ஓர் உரையாடல் இருக்கின்றது.

பஞ்சம் வந்தபோது

இத்தோட்டங்கள் பொழுதுபோக்கிற்காக எழுந்தவையல்ல என்பதை இரண்டு நெருக்கடிகள் மெய்ப்பித்தன.

முதலாவது, 1930-களின் தொடக்கத்தில் வந்த உலகப் பொருளாதார மந்தம். இரப்பர் விலை வீழ்ந்தது. முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி குறைக்கப்பட்டது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இங்கேயே தங்கியோருக்கு, குறைந்த கூலிக்கும் நிறையாத வயிற்றுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்பியது கொல்லைப்புறமே.

இரண்டாவது, ஜப்பானியர் ஆட்சி. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்கு முன் மலாயா தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்தே இறக்குமதி செய்து வந்தது. கப்பல் நின்றது, அரிசியும் அருகிற்று. ஜப்பானியர் அச்சிட்ட 'வாழைமரக் காசு' நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. உணவுப்பயிர் வளர்க்குமாறு ஆட்சியாளர்கள் மக்களை ஏவினர். திடல்களும் வீட்டு முற்றங்களும் கிழங்குப் பாத்திகளாயின.

அக்காலத்தில் உயிர்காத்த பயிர் மரவள்ளி. இதில் வியப்பான ஓர் ஒற்றுமை உண்டு. பால்மரமும் மரவள்ளியும் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று முதலாளிக்குச் செல்வம் தந்தது. மற்றொன்று தொழிலாளிக்குச் சோறாயிற்று. வளங்குன்றிய மண்ணிலும் மரவள்ளி வளரும். அதன் இலையும் கறியாகும். ஆயினும் அதற்கொரு கேடு உண்டு. கிழங்கிலும் இலையிலும் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உள்ளது. கசப்பு வகையில் அது மிகுதி. தோலுரித்து, நீரில் ஊறவைத்து, நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். இதனை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் உயிர்ச் சிக்கலாக இருந்த காலம் அது. மேலும், மரவள்ளி வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. அதில் புரதம் மிகக் குறைவு. முருங்கைக்கீரையும் பயற்றங்காயும் கோழிமுட்டையும் கொல்லையில் இருந்த வீட்டுக்கும் வெறும் கிழங்கை மட்டுமே நம்பியிருந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

1942-43-இல் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கப் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவேயில்லை. குடும்பத் தலைவனை இழந்த வீடுகளில் பாத்தியைக் கொத்தியவர்கள் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே. மரண இரயிலைப் பற்றிப் பேசும் நாம், அக்காலத்தில் வீட்டில் எஞ்சியோர் எப்படி உயிர் பிழைத்தனர் என்பதையும் மாணவர்களிடம் பேசவேண்டாமா?

நாணயத்தின் மறுபக்கம்

கொல்லைப்புறத்தைப் போற்றிப் பாடிவிட்டு மட்டும் போவது நேர்மையாகாது. தொழிலாளி தன் காய்கறியைத் தானே விளைவித்துக்கொண்டால், குறைந்த கூலியிலும் குடும்பம் நடத்திவிட முடியும். ஆகவே பதினாறில் ஒரு பங்கு நிலம் தொழிலாளிக்கு உதவியதைப் போலவே, கூலியை உயர்த்தாதிருக்க முதலாளிக்கும் உதவியது. எல்லாவற்றிற்கும் மேலாக, அந்நிலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் முருங்கையும் போகும். தன் கையால் நட்ட மரத்தின்மேல் தனக்கு உரிமையில்லை என்ற நிலையில்தான் தலைமுறைகள் வாழ்ந்தன.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இது மேலும் வெளிப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்றுவிடக் கூடாதென உணவுப் பொருள்களை வெளியே எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு வந்தது. எங்கே பயிரிடுவது, எதைக் கையில் கொண்டு நடப்பது என்பதையும் பிறரே முடிவு செய்தனர்.

விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நிலம் சொந்தமாக இல்லாததன் வலி வெளிப்படையாயிற்று. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணி இதுவே. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்கினர். கொல்லையில் மட்டும் மண்ணைத் தொட்டவர்கள் தோட்டத்திற்கே பங்குதாரராகலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது.

பச்சைப் புத்தகமும் அடுக்குமாடியும்

1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டத்தை' அறிமுகப்படுத்தினார். எண்ணெய் நெருக்கடியாலும் உலக உணவுத் தட்டுப்பாட்டாலும் விலைவாசி ஏறியிருந்த காலம் அது. கிடைக்கும் வெற்றிடத்திலெல்லாம் காய்கறி பயிரிடுமாறு மக்களை அரசு ஊக்குவித்தது. நாட்டுக்கு அது புதிய திட்டம். லயத்துப் பாட்டிக்கோ அது பழைய பழக்கம்!

அதன் பின்னர் நிலை மாறிற்று. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 1980-களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் நகர்ப்புறத்திற்கு நகர்ந்தன. பலர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். இழப்பீடு பற்றிப் பேசினோம், கோவில் பற்றிப் பேசினோம், பள்ளி பற்றிப் பேசினோம். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. மண் இல்லாத இடத்திற்குச் சென்ற பாட்டியின் அறிவுக்கு யார் இழப்பீடு தந்தார்? எந்தக் கொம்பை எந்தக் கணுவில் வெட்டவேண்டும் என்று அறிந்த கை, ஐந்தாம் மாடியில் சும்மா இருந்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, கறிவேப்பிலைக்கும் வழியின்றிப் போன வீடுகள் உண்டு. அப்போது தொட்டியில் விதை தூவியவர்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர், வீட்டிலேயே இருந்த பாட்டியிடம் வழி கேட்டனர்?

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, பள்ளித் தோட்டத்தை அழகுக்கு மட்டும் வைத்திராமல், ஒரு பாத்தியைத் 'தோட்டப்புறப் பாத்தி' என ஒதுக்குங்கள். முருங்கை, மரவள்ளி, கறிவேப்பிலை, செராய், பயற்றங்காய் ஆகிய ஐந்தும் போதும். அப்பாத்தி ஒரே நேரத்தில் வரலாற்றுப் பாடமும் அறிவியல் பாடமும் ஆகும். பதினாறில் ஒரு பங்கு ஏக்கரைத் திடலில் அளந்து காட்டினால் கணிதப் பாடமும் ஆகும். தகரத்தையும் நெகிழிப் புட்டியையும் தொட்டியாக்கும்போது அடியில் துளையிட மறவாதீர்கள். தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும்.

பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அமர்த்தி, 'உங்கள் கொல்லையில் என்னென்ன இருந்தன? அதை யார் சொல்லித் தந்தார்?' என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழில், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதட்டும். தோட்ட நிர்வாகம் கிலோக் கணக்கில் பாலை எழுதி வைத்தது. அரசு நாட்கூலியை எழுதி வைத்தது. கொல்லையில் காய்த்த காயை எழுதி வைக்கவேண்டியவர்கள் நாம்தான். அதனைச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இவ்விடுமுறையிலேயே தொடங்குவோம்.