தண்ணீர் தாங்கியதைத் தரை தாங்குமா?

ஏரியில் பாய் விரித்து ஓடிய சிறு படகைக் கரையேற்றி, காரின் பின்னால் பூட்டிய டிரெய்லரில் வைத்து வீட்டுக்குக் கொண்டு செல்வது மேலைநாடுகளில் சாதாரணக் காட்சி. அலையிலும் காற்றிலும் பழுதின்றி ஓடிய அந்தப் படகு, டிரெய்லரில் சும்மா நிற்கையில் சில வேளை அடிப்பக்கம் குழிந்து போகிறது. ஓடும்போது கெடாதது நிற்கும்போது ஏன் கெடவேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகின் எடை 300 கிலோகிராம் என்று கொள்வோம். மிதக்கும்போது சுமார் 4 சதுர மீட்டர் பரப்பில் நீர் அதைத் தாங்குகிறது. அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு 7.5 கிராம் எடைதான். அதே படகைப் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள நான்கு சதுரக் கட்டைகளின் மேல் வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 750 கிராம் ஆகிவிடுகிறது. அழுத்தம் நூறு மடங்கு! படகின் எடை மாறவில்லை. தாங்கும் பரப்புதான் மாறியது.

இந்த எளிய கணக்கு எவ்வளவு பெரிய சிக்கலாக வளரக்கூடும் என்பதை ஸ்வீடன் நாட்டின் 'வாசா' போர்க்கப்பல் காட்டுகிறது. மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் ஆணைப்படி கட்டப்பட்ட இக்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதற் பயணத்தில், ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டு வெளியேறுமுன்னரே கவிழ்ந்து மூழ்கியது. மேற்பகுதி கனம் மிகுந்திருந்ததே காரணம். பால்டிக் கடலில் உப்பு குறைவு. அதனால் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே இல்லை. ஓக் மரக்கப்பல் பெரும்பாலும் முழுமையாகவே கிடந்தது. 1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் அதைக் கண்டுபிடித்தார். நீர்மூழ்கு வீரர்கள் கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டி, எஃகு வடங்களைச் செலுத்தினர். 1961 ஏப்ரல் 24 அன்று, 333 ஆண்டுகளுக்குப் பின் வாசா மீண்டும் நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டியது.

நீருக்குள் இருந்தவரை மிதப்பு விசை கப்பலின் சுமையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் முழுச்சுமையும் மரத்தின் மேல் இறங்கியது. மரம் உலர்ந்து சுருங்காமலிருக்க, 1962 முதல் 1979 வரை பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்தார்கள். 1960-களில் அமைத்த எஃகுத் தாங்கிகளின் மேல் கப்பல் நின்றது. 1990-இல் திறந்த அருங்காட்சியகத்திலும் அதே தாங்கிகள்தாம்.

ஏறத்தாழ 900 டன் எடையுள்ள கப்பல் அது. தாங்கி தொடும் இடங்களில் அழுத்தம் குவிந்தது. இடைப்பட்ட பகுதிகளுக்குத் துணையில்லை. நூற்றாண்டுகள் நீரில் ஊறிய ஓக் மரமோ தன் பழைய வலிமையை இழந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நுட்பமாக அளந்து வந்ததில், கப்பல் சிறிது சிறிதாக அமிழ்ந்து உருத்திரிவது தெரியவந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் மரம் ஒருமுறை வளைந்து நைந்துவிட்டால் பழைய உருவுக்குத் தானாகத் திரும்பாது. ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் நிற்கும் கடன்.

ஆகவே 2024-இல் புதிய தாங்கு அமைப்பை நிறுவும் வேலை தொடங்கியது. வெளியே புதிய தொட்டில். உள்ளே எஃகினால் ஓர் எலும்புக்கூடு. எடையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே இதன் நோக்கம். நீர் கூலி வாங்காமல் செய்த வேலையை, மனிதன் எஃகைக் கொண்டு செய்ய முயல்கிறான்!

இனி நம் சிறு படகுக்கு வருவோம். படகின் நடுவே நீளவாட்டில் ஓடும் அடிமரத்தை 'ஏரா' என்பர். படகிலேயே உறுதி மிக்க பகுதி அதுதான். டிரெய்லரில் படகின் எடையை ஏராவே தாங்கவேண்டும். அதுவும் ஒரே புள்ளியில் அல்ல, நீளம் நெடுகப் பல இடங்களில். பக்கத் தாங்கிகளின் வேலை படகு சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. அவை அகலமாகவும், மெத்தென்றும், உள்ளே குறுக்குச் சட்டம் உள்ள இடங்களுக்கு நேர் கீழேயும் இருத்தல் நலம். பக்கத் தாங்கிகளை உயர்த்தி எடையை அவற்றின் மேல் ஏற்றினால், மெல்லிய பக்கப்பலகை குழியும்.

கப்பல் கட்டுவோர் புயலையும் அலையையும் எண்ணிக் கட்டுகிறார்கள். கரையில் அசையாமல் நிற்பதும் ஒரு சோதனையே என்பதை வாசா நமக்குக் கற்றுத்தருகிறது.